என்.ஐ.எச். பக்கவாத அளவுகோல்

திடீர்ப் பக்கவாதத்தின் கடுமையை எண்ணாகச் சொல்ல மருத்துவமனைகளில் மிகப் பரவலாகப் புழங்கும் அளவுகோல் இது. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த தாமஸ் பிராட்டும் குழுவினரும் 1989இல் இதை வெளியிட்டனர். விழிப்புநிலை, கண்ணசைவு, பார்வைப் புலம், முகம், கைகால் வலு, ஒருங்கிணைவு, தொடுவுணர்வு, பேச்சு, இருபக்கக் கவனம் ஆகியவற்றைச் சோதித்து 0 முதல் 42 வரை புள்ளி இடுவார்கள். நோயாளி கையை 10 நொடியும் காலை 5 நொடியும் தூக்கிப் பிடிக்க வேண்டும். நடக்கும் மாதத்தையும் தன் வயதையும் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிப் பிறகு திருத்தினாலும் முதல் பதில்தான் கணக்கு. பயிற்சி பெற்ற செவிலியர் சில நிமிடங்களில் முடித்துவிடலாம் என்பதே இதன் வெற்றிக்குக் காரணம்.

ஆனால் இந்த எண் மூளையின் இரு பாதிகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 42 புள்ளிகளில் 7 மொழியைச் சார்ந்தவை. மொழியோ பெரும்பாலோருக்கு இடப்பாதியில் இருக்கிறது. வலப்பாதி பழுதானால் நோயாளி தன் இடப்பக்க உலகத்தையே கவனியாமல் விடுவதுண்டு. அதற்கு 2 புள்ளிதான். எனவே ஒரே எண் பெற்ற இருவரில் வலப்பாதி நோயாளியின் மூளைச்சேதம் பெரும்பாலும் பெரிதாக இருப்பதை ஸ்கேன் ஒப்பீடுகள் காட்டின. சிறுமூளை, மூளைத்தண்டுப் பக்கவாதங்களின் நிலை இன்னும் மோசம். தலைச்சுற்றலும் நடைத் தள்ளாட்டமும் இதில் அளக்கப்படுவதே இல்லை. பூஜ்யம் வாங்கியவருக்கும் பக்கவாதம் இருக்கலாம்.

அவசரத்தில் நீண்ட சோதனைக்கு நேரமேது, பொது எண் இல்லாவிட்டால் ஆய்வுகளை ஒப்பிடுவது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். அளவுகோலைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. சிகிச்சையின் வாசலில் அதைக் காவல் நிறுத்த வேண்டாம் என்பதே வாதம். பேச்சு மட்டும் தடுமாறும் ஆசிரியரும், லேசான முகக்கோணலும் மரமரப்பும் உள்ளவரும் ஒரே 2 புள்ளியைப் பெறக்கூடும், இழப்பு ஒன்றல்ல. குறைந்த எண் உள்ளவர்களுக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் அல்டிபிளேஸ் ஆஸ்பிரினைவிட மேலான பலன் தரவில்லை என்று 2018இல் வெளியான பிரிஸ்ம்ஸ் ஆய்வைக் காட்டுவோர் உண்டு. முன்கூட்டியே நிறுத்தப்பட்ட அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களோ, 5 புள்ளிக்கு மேற்படாததோடு, முடக்கும் குறைபாடும் இல்லாதவர்கள். எண் சிறிதாக இருந்தும் வாழ்க்கை முடங்கியவருக்கு அந்த முடிவு பொருந்தாது. அளவுகோலின் சுருக்கப் பதிப்பும் இதற்கு விடையல்ல: சோதிப்பவர்களிடையே ஒத்துப்போகாத பகுதிகளை நீக்கி அது 31 புள்ளியாகக் குறைந்தபோது, சிறுமூளையைத் தொட்ட ஒருங்கிணைவுச் சோதனையும் போய்விட்டது.

இந்த எண்ணை அதிகம் நம்பத்தக்க இடம் வார்டு. திரும்பத் திரும்ப அளக்கும்போது நோயாளி தன்னோடுதான் ஒப்பிடப்படுகிறார். இடம், வலம் என்ற ஓரவஞ்சனை அங்கே பெரிதும் அடங்கிவிடுகிறது. 4 புள்ளி ஏறினால் நிலை மோசமாகிறது என்று கொண்டு மறுபடி ஸ்கேன் எடுக்கிறார்கள்.