வீட்டிற்குள் காற்று வந்த வரலாறு

டில்லி மாநகரில் ஒரு மே மாதத்தையேனும் கழித்தவர்களுக்கு 'லூ' என்னும் அனற்காற்றைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெளியே காற்று வெள்ளமாகப் புரண்டோடும். வீட்டினுள்ளோ மூச்சு முட்டும். ஆகவே கதவுகளையும் சாளரங்களையும் இறுக அடைத்துவிட்டு, சாளரம் ஒன்றில் பொருத்திய கூலரை ஓடவிடுகிறோம். இயந்திரம் இரைகிறது, தண்ணீர் சொட்டுகிறது, ஆயினும் கட்டிலருகே காற்றைக் காணோம். அரசாங்கக் குடியிருப்பில் நாமும் ஒரு கோடை முழுவதும் இவ்வாறு வருந்தினோம். மோட்டாரை மாற்றினோம், தட்டிகளை மாற்றினோம், பயனில்லை. காரணம் பின்னர்தான் விளங்கிற்று. அதனைக் கூறுமுன், வீட்டிற்குள் காற்றை வரவழைக்க முன்னிருந்தோர் பட்ட பாட்டைச் சிறிது நோக்குவோம்.

அக்பர் சக்கரவர்த்தியின் ஆட்சிமுறையை விவரிக்கும் அபுல் பஸலின் 'ஆயீனி அக்பரி', வெட்டிவேரால் அமைத்த அறைகளைக் குறிப்பிடுகிறது. வேரைத் தட்டியாகப் பின்னி வாயிலில் நிறுத்தி நீர் தெளித்தால், அதனூடே புகும் வறண்ட காற்று குளிர்ந்து, மணமும் பெற்று உள்ளே வரும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைக் காற்றிடமிருந்தே நீர் கவர்ந்துகொள்வதால் காற்றுத் தண்ணென்றாகிறது. இன்றைய கூலரின் தத்துவமும் இதுவே. 1663ஆம் ஆண்டில் டில்லியிலிருந்து கடிதம் வரைந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், நல்ல வீட்டின் இலக்கணத்தைக் கூறுமிடத்து வெட்டிவேர் அறைகளையும், பெரிய விசிறிகள் அமைந்த நிலவறைகளையும் மறவாது சேர்த்திருக்கிறார்.

ஆயின் வெட்டிவேர்த் தட்டிக்கு ஒரு குறை உண்டு. வெளியே காற்று வீசினாலன்றி அது பயன்படாது. காற்று ஓய்ந்த நாளில் எத்தனை குடம் நீர் ஊற்றினாலும் தட்டி நனையுமேயன்றி அறை குளிராது. இக்குறையைப் போக்க, 1830ஆம் ஆண்டை ஒட்டி வட இந்தியாவில் ஓர் இயந்திரம் தோன்றிற்று. நெல் தூற்றும் விசிறியை ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் அடைத்து, பெட்டியின் பக்கங்களில் நனைந்த தட்டிகளைப் பொருத்தி, அதன் வாயைச் சாளரத்தினுள் நுழைத்துவிடுவார்கள். வெளியே நின்று ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, உள்ளே காற்றுப் பாயும். வெப்பத்திற்கு மாற்று மருந்து என்று பொருள்பட இதற்குத் 'தெர்மாண்டிடோட்' எனப் பெயரிட்டனர். அலகாபாத்தில் வாழ்ந்த பேனி பார்க்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் இதனைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். 1831ஆம் ஆண்டுக் கோடையில் இதன் எதிரே இருந்ததனால் தமக்குக் காய்ச்சலும் இடுப்பு வலியும் கண்டன என்றும் அவரே எழுதுகிறார். காற்றுப் போதாது என்ற குறை அவருக்கு இல்லை!

எல்லோரும் இப்பெட்டியை வாங்கிவிடவில்லை. பெரும்பாலோர் நம்பியது பங்காவைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கல்கத்தாவில் கூரையிலிருந்து தொங்கும் பங்கா வழக்கில் இருந்தது. நீண்ட மரச்சட்டம், அதில் தைத்த துணி, சுவரின் துளை வழியே தாழ்வாரத்திற்குச் செல்லும் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு மனிதர். அது புதிய காற்றை உள்ளே கொணர்வதில்லை. இருக்கும் காற்றையே அலைக்கழிப்பது. எனினும் வியர்வை உலர அதுவே போதுமாயிருந்தது.

அந்தக் கயிற்றின் முனையில் இருந்தவரைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இரவெல்லாம் இழுப்பார், சில வேளை கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு படுத்தபடியே இழுப்பார். உறக்கம் அவரை மேற்கொண்டால் உள்ளே காற்று நிற்கும். உள்ளே உறங்கியவர் விழித்தெழுவார். அவ்வாறு விழித்தெழுந்த ஐரோப்பியச் சிப்பாய்களும் துரைமார்களும் உதைத்ததனால் உயிரிழந்த பங்கா இழுப்போர் பலர். வழக்கு நீதிமன்றத்திற்கு வந்தால், மலேரியாவினால் வீங்கியிருந்த மண்ணீரல் வெடித்தே மரணம் நேர்ந்தது என்பார் மருத்துவர். குற்றவாளி சிறு தண்டனையுடனோ அதுவுமின்றியோ தப்புவார். காற்று நின்றது இயந்திரக் கோளாறாகக் கருதப்பெற்றது. கோளாறு ஒரு மனிதரின் களைப்பு என்பது கருதப்பெறவில்லை. 1924இல் வெளிவந்த 'ஏ பாஸேஜ் டு இண்டியா' என்னும் நாவலின் நீதிமன்றக் காட்சியில், பார்ஸ்டர் ஒரு பங்கா இழுப்பவரை உயர்ந்த மேடையிலேயே அமர்த்தியிருக்கிறார். அவரைக் கண்ணெடுத்துப் பார்த்த எழுத்தாளர்கள் சிலரே.

இங்கிலாந்திலும் இத்தொல்லை இருந்தது. ஆனால் அங்கே தொல்லைப்பட்டோர் சட்டமியற்றுவோர். காமன்ஸ் சபையில் கூட்டம் மிகுந்து காற்றுக் கெட்டுப்போகவே, 1723இல் டெஸாகுலியர் என்னும் விஞ்ஞானி சபைக்கு மேலிருந்த அறைகளில் நெருப்பு மூட்டி, கெட்ட காற்றை மேலே இழுக்க வழி செய்தார். அந்த அறைகளைத் தம் வசம் வைத்திருந்த மனைக் காப்பாளர் அம்மையாருக்கு இது பிடிக்கவில்லை. சபை கூடிய பின்னரே அவர் நெருப்பை மூட்டச் செய்தார், ஏற்பாடு வீணாயிற்று. 1736இல் அதே விஞ்ஞானி கையால் சுழற்றும் காற்றுச் சக்கரம் ஒன்றை அமைத்தார். சக்கரத்தைச் சுழற்றிய ஆளுக்கு 'வெண்டிலேட்டர்' என்று பெயர். இன்று நாம் சுவரில் விடும் துளைக்கு வழங்கும் பெயரை அன்று ஒரு மனிதர் தாங்கியிருந்தார்!

1834இல் அக்கட்டிடம் தீக்கிரையாயிற்று. தற்காலிக மண்டபத்தில் எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் பாஸ்வெல் ரீட் 1836இல் புதியதோர் ஏற்பாட்டைச் செய்தார். தரையில் ஆயிரக்கணக்கான சிறு துளைகள். அவற்றின் மேல் காற்றுப் புகத்தக்க மயிர்க் கம்பளம். கீழறையில் பதப்படுத்திய காற்று அவற்றின் வழியே எழும். மேற்கூரை வழியே வெளியேறி, நெருப்பு எரியும் உயர்ந்த புகைபோக்கியால் இழுக்கப்படும். உறுப்பினர்களின் காலணித் தூசியும் காற்றோடு எழுந்தது என்ற முறையீடு உண்டாயிற்று. ஆயினும், காற்று வரும் வழியையும் போகும் வழியையும் ஒருசேர அமைக்க வேண்டும் என்பதில் ரீட் உறுதியாயிருந்தார். புதிய மாளிகையைக் கட்டிய சிற்பி சார்லஸ் பாரியோடு அவருக்கு ஏற்பட்ட பூசல் ஒரு தனிக்கதை. 1852இல் ரீட் விலக்கப்பட்டார்.

1899இல் கல்கத்தாவில் மின்சாரம் வழங்கத் தொடங்கினர். மின்விசிறி பரவப் பரவப் பங்காக் கயிறு அறுந்தது. 1902இல் நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியில், ஓர் அச்சகத்தின் ஈரத்தை அடக்குவதற்காகக் காரியர் வகுத்த முறையிலிருந்து இன்றைய குளிர்சாதனம் வளர்ந்தது. குளிர்ந்த காற்றையோ வெப்பக் காற்றையோ தகரக் குழாய்களின் வழியே அறைதோறும் அனுப்பும் வீடுகளில் இன்றும் எழும் முறையீடு ஒன்றே: துவாரத்தில் காற்று வலுவாக வரவில்லை என்பது. வடிகட்டியில் தூசி அடைந்திருக்கும். குழாயின் மூட்டு பிரிந்து காற்று பரணிலே வீணாகும். அல்லது காற்றுத் திரும்பிச் செல்லும் வாயிலை மறைத்து யாரேனும் பீரோவை வைத்திருப்பார்கள். ஓர் ஊதுவத்தியை ஏற்றித் துவாரத்தருகே பிடித்தால், புகை செல்லும் திசை உண்மையைக் கூறிவிடும். பயன்படாத அறைகளின் துவாரங்களை மூடினால் மற்ற அறைகளுக்குக் காற்று மிகும் என்று சிலர் எண்ணுவர். சிறிது மிகுவதும் உண்டு; ஆனால் குழாயினுள் அழுத்தம் ஏறிக் கசிவும் மிகும்.

நமது கூலருக்கு வருவோம். அண்டை வீட்டு முதியவர் ஒருநாள் உள்ளே வந்து நின்றார். கூலரை அவர் தொடவில்லை. நேரே பின்னறைக்குச் சென்று, நாம் அனலுக்கு அஞ்சி அடைத்திருந்த சாளரத்தை ஒரு சாண் அளவு திறந்தார். நிரம்பிய அறையில் மேலும் காற்றுப் புக இடமேது? போக வழி கிடைத்ததும் கட்டிலின் மேல் கிடந்த செய்தித்தாள் படபடத்தது. ஜூலையில் பருவமழை வந்தபின் இவ்வித்தை பலிக்காது. காற்றே ஈரமாயிருக்கும்போது நீர் ஆவியாவது எப்படி? அப்பொழுது டில்லிவாசிகள் கூலரின் தண்ணீரை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுகிறார்கள். நாமும் அவ்வாறே செய்கிறோம். பின்னறைச் சாளரம் மட்டும் திறந்தே இருக்கிறது.