கொள்ளையர் கப்பல் என்று பெயர் வைத்தது யார்?

1877 மே 29. பெருவின் தென்கரையில், பக்கோச்சா என்ற சின்னத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் பிரித்தானியக் கடற்படையின் 'ஷா', துணைக்கு 'அமெதிஸ்ட்'. மறுபக்கம் தனியாக 'ஹுவாஸ்கார்'.

ஷா 1873இல் கடலில் இறக்கப்பட்ட ஃப்ரிகேட். உடல் இரும்பு, அதன்மேல் மரப்பலகை. நீராவி எஞ்சின் இருந்தும் பாய்கள் எதற்கு? பசிபிக்கில் நினைத்த இடத்தில் நிலக்கரி கிடைக்காது. காற்று இருக்கும்போது கரியை மிச்சம் பிடிக்கவேண்டும். தூரக் கடல்களில் பிரித்தானிய வியாபாரத்துக்குக் காவல் நிற்கச் செய்த கப்பல் அது. வேகம் உண்டு, கவசத் தகடு இல்லை. ஹுவாஸ்காரும் இங்கிலாந்தில் கட்டியதுதான். அளவில் சின்னது, ஆனால் கவசம் போட்டது.

சண்டை ஏன் வந்தது? அந்த மே மாதம், நிக்கோலாஸ் தெ பியரோலாவின் ஆதரவாளர்கள் அரசுக்கு எதிராகக் கிளம்பி ஹுவாஸ்காரைக் கைப்பற்றினார்கள். அதன் செயல்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று பெரு அரசு கைகழுவியது. கிளர்ச்சியாளர்கள் பிரித்தானிய வர்த்தகக் கப்பல்களை மறித்தார்கள், ஒன்றிலிருந்து நிலக்கரியும் எடுத்தார்கள். அட்மிரல் தெ ஹோர்சிக்கு அது போதும். சரணடையச் சொன்னார், அவர்கள் மறுத்தார்கள்.

பிரித்தானியக் குண்டுகள் 50 தடவைக்கு மேல் பட்டும் கவசம் தாங்கியது. ஹுவாஸ்கார் கரையை ஒட்டியே நின்றது. ஆழம் குறைந்த அந்த நீருக்குள் ஷாவால் போக ஏலாது. ஊர்ப்பக்கம் சுடவும் தயக்கம். கடைசியில் ஷா ஒரு டோர்பிடோவை விட்டது. தானாக ஓடும் டோர்பிடோவைப் போரில் பாவித்தது அதுதான் முதல் தடவை. அதைவிட ஹுவாஸ்கார் வேகமாக ஓடித் தப்பியது. இரவோடு இரவாக நழுவி, பிறகு பெரு அரசிடமே சரணடைந்தது.

புத்தகங்களில் இந்த நாள் அந்த டோர்பிடோவுக்காகத்தான் வருகிறது. எங்களுக்கு வேறொன்று உறுத்துகிறது. பெருவின் கடலில், பெருவின் கப்பலைக் 'கொள்ளையர்' கணக்கில் சேர்க்கும் அதிகாரத்தை ஒரு வெளிநாட்டு அட்மிரல் எடுத்துக்கொண்டார். பெருவில் சனம் கொதித்தது அதற்காகத்தான். இரண்டே வருடத்தில், சிலியோடு நடந்த போரில், அதே ஹுவாஸ்கார் மிகுவேல் கிராவின் தலைமையில் பெருவின் பெருமையானது. 1879 ஒக்டோபர் 8இல் அங்கமோசில் கிராவ் கொல்லப்பட்டார், கப்பல் சிலியிடம் போனது. இன்றும் சிலியின் தல்காவானோவில் அது அருங்காட்சியகமாக மிதக்கிறது.

கப்பல் ஒன்றுதான். பெயர் மாத்திரம் ஆளுக்கு ஆள் மாறியது. வரலாறு வாசிக்கும்போது, அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று முதலில் கேட்போம்.