பழைய வால்வு அம்பிளிபயரின் தனிக்குரல்

எம்மவர் பலர் வாழும் மேற்கு இலண்டனின் ஹன்வெல்லில், 1962இல், ஜிம் மார்ஷலின் கடையில் அவரது முதல் கிற்றார் அம்பிளிபயர் உருவானது. அமெரிக்காவின் ஃபென்டர் பாஸ்மனே அதற்கு முன்மாதிரி.

எங்கள் அப்பப்பா காலத்து வானொலியில் ஒளிர்ந்த வால்வுகள்தான் இதிலும் உள்ளன. ஒலியை அளவுமீறிக் கூட்டினால், அவை அலையின் முகட்டைச் சட்டென வெட்டாமல் மெல்ல மழுக்குகின்றன, மேற்றொனிகள் பெருகுகின்றன. ஓங்கி மீட்டும்போது சீராக்கி வால்வில் மின்னழுத்தம் தளர்ந்து மீள்வதால், சுரம் அமுங்கி எழுகிறது. நிலைமாற்றியும் காகிதக்கூம்பு ஸ்பீக்கரும் கூர்மையைத் தணிக்கின்றன. பொறியியலாளர் குறையென்று ஒதுக்கியதையே இசைஞர் குரலாக்கினர்.

வீட்டில் பழையதொன்று இருந்தால் எறியாதீர்கள்; பிள்ளைகளைத் திறக்கவும் விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் உயிர்பறிக்கும் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். பழுதென்றால் தெரிந்த தொழில்நுட்பவியலாளரிடமே கொடுப்போம்.