செய்நிரல் மொழிகள் (கணினிக் கல்வியில்)

செய்நிரல் மொழி என்பது, கணினி ஆற்றவேண்டிய கருமங்களை ஐயத்துக்கு இடமின்றி நிரல்பட எழுதுவதற்கென மனிதர் வகுத்துக்கொண்ட செயற்கைப் பாஷையாகும். கல்வியில் அது தொழிற்கருவியாக மட்டுமன்றித் தர்க்கமுறைச் சிந்தனைக்குரிய அப்பியாசக் களமாகவும் விளங்குகிறது.

மாணாக்கரையே கருத்திற்கொண்டு பிறந்த மொழிகளுள், 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்சும் ஆக்கிய பேசிக்கும், 1970-இல் சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்லவுஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கலும் பிரசித்தமானவை. மாறி (தரவைத் தாங்கும் பெயர்) ஒவ்வொன்றின் வகையையும் முன்கூட்டியே அறிவிக்குமாறு விதிக்கும் பாஸ்கல் ஒழுங்கைப் பழக்குவது. 1991-இல் வெளிவந்த பைதனோ, அவ்வறிவிப்பை வேண்டாது, வரித்தொடக்க இடைவெளியாலேயே கட்டளைத் தொகுதிகளைப் பிரித்துக் காட்டுவது.

இலங்கைத் தேசியப் பாடத்திட்டத்தில், க.பொ.த. சாதாரண தரத்தில் பாஸ்கலும் உயர் தரத்தில் பைதனும் பயிற்றப்பட்டு வந்துள்ளன. இவ்விரு மொழிகளின் கட்டளைகளும் ஆங்கிலச் சொற்களால் ஆனவை; ஆகவே கண்டி–மகியங்கனை வீதியிலுள்ள திகனவிலும் அயலூர்களிலும் தமிழ்மூலம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர், விளக்கத்தைத் தாய்மொழியிலும் கட்டளைச் சொற்களை ஆங்கிலத்திலுமாக இருமொழிச் சுமையுடன் கற்கின்றனர். இப்பிரதேசத்தின் உயர்கல்வி நிலையமாகிய பேராதனைப் பல்கலைக்கழகத்தில், பொறியியற் பீடம், விஞ்ஞான பீடம் இரண்டிலும் கணினிக் கல்வி இடம்பெறுகிறது.

மேற்கூறிய இருமொழிச் சுமையைக் குறைக்கும் நோக்குடைய முயற்சிகளுள் முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ குறிப்பிடத்தக்கது. ‘பதிப்பி’, ‘முடி’ எனத் தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொள்ளும் அம்மொழியில், நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்பது பின்னுமாக, தமிழ் வாக்கிய முறைக்கு இயையவே அமைவது அதன் சிறப்பியல்பாகும்.