பெரிய பாதி

இந்தியக் கார்ட்டூன் படங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ராம் மோகனை விட்டுவிட்டு எழுத முடியாது. 1931இல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். மும்பையில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் 1956இல் சேர்ந்தார். 1972இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் வரும் கார்ட்டூன் பகுதி அவருடையது. ஜப்பானியர்களோடு சேர்ந்து ராமாயணத்தை முழுநீளக் கார்ட்டூன் படமாக்கினார். 2014இல் பத்மஸ்ரீ பெற்றார், 2019இல் காலமானார். இந்தச் சாதனைப் பட்டியலில் ‘மீனா’ என்ற பெயர் ஒரு வரியில் வந்து போகும். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

பிலிம்ஸ் டிவிஷனில் அவருக்குப் பயிற்சி கொடுத்த கிளேர் வீக்ஸ், டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1930களில் அந்த நிறுவனத்தில் ஆண்கள் படம் வரைந்தார்கள். அதன்மேல் மை இழுத்து வண்ணம் நிரப்பியவர்கள் பெண்கள். வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு, படைப்பு வேலை முழுவதையும் இளைஞர்களே செய்கிறார்கள் என்று 1938இல் பதில் போனது. கற்பனை ஆணுக்கு, கைவேலை பெண்ணுக்கு என்ற இந்தப் பங்கீடு நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட தொழிலிலிருந்துதான், பங்கீட்டையே கேள்வி கேட்கும் ஒரு சிறுமி வந்தாள்.

சார்க் நாடுகள் 1991 முதல் 2000 வரையான காலத்தைப் பெண் குழந்தைகளின் பத்தாண்டாக அறிவித்தன. அதையொட்டி யுனிசெப் திட்டமிட்ட தொடர்தான் ‘மீனா’. அவளுக்கு உருவம் கொடுக்கும் பொறுப்பு ராம் மோகனிடம் வந்தது. வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் என எந்த ஊர்ப் பிள்ளையும் தன் ஊர்க்காரி என்று நினைக்கும்படி அவள் இருக்க வேண்டும். பெயரும் உடையும் அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. வரைந்த படங்களையும் கதைகளையும் கிராமங்களுக்கு எடுத்துப்போய்ப் பெண்களிடமும் குழந்தைகளிடமும் காட்டிக் கேட்டார்கள். அவர்கள் சொன்னதை வைத்துத் திருத்தினார்கள். மீனாவை வரைந்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அவளைத் திருத்திய அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

முதல் கதையில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தம்பி ராஜு மட்டும் போகிறான். அவள் தன் கிளி மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்பி, அது கேட்டு வந்து சொல்வதிலிருந்து எண்ணக் கற்கிறாள். கோழிகளை எண்ணிப் பார்த்ததால் ஒன்று குறைவது தெரிகிறது, திருடனும் பிடிபடுகிறான். அதன் பிறகுதான் அப்பா மனம் மாறுகிறார். இன்னொரு கதையில் மாம்பழத்தின் பெரிய துண்டு ராஜுவுக்குப் போகிறது. பறித்தவள் நானல்லவா என்கிறாள் மீனா. இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். அவள் எவ்வளவு உழைக்கிறாள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் புரிகிறது.

மாம்பழம் எங்கள் பகுதிக்கு வெறும் கதைப் பொருளல்ல. 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த தருமபுரியும் கிருஷ்ணகிரியும் மாந்தோப்புகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர்போனவை. இந்தக் கதையை முதலாமாண்டு மாணவிகளுக்குப் போட்டுக் காட்டி, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டேன். “எல்லாருக்கும் சமமாத்தான் மேடம் வைப்பாங்க. ஆனா நானும் அம்மாவும் கடைசியாத்தான் சாப்பிடுவோம்” என்றாள் ஒருத்தி. கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்குச் சட்டியில் மிஞ்சியதுதான் பங்கு. வகுப்பு சிரித்தது, பிறகு அமைதியானது.

மீனா தொலைக்காட்சியில் நடக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான், பெண்சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் அது தருமபுரிக்கும் வந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போடுங்கள் என்றது அரசு. கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. பெரிய பாதி யாருக்கு என்று கேட்க ஒரு பெண் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். பல வீடுகளில் அந்தக் கேள்வி வரைக்கும் அவளை வர விடவில்லை.

அதனால்தான் மீனாவை விரும்பிக்கொண்டே அவளோடு எனக்கொரு வாதம் இருக்கிறது. அவள் கதைகள் பெரும்பாலும் பெற்றோருக்குப் பலன் காட்டி முடிகின்றன. படிக்க வைத்தால் கோழி மிஞ்சும் என்று கணக்குச் சொல்கிற அப்பாவிடம் கணக்கிலேயே பேச வேண்டும் என்ற உத்தி புரிகிறது; அது பல வீட்டுக் கதவுகளைத் திறந்தது. ஆனால் பெண் குழந்தையைக் கொல்கிறவர்களும் கணக்குத்தான் போட்டார்கள்: வரதட்சணை, சீர், செலவு. அதே கணக்கில் வரவைக் கூட்டிக் காட்டி அவளுக்கு வாழ்வு கேட்டால், வரவு குறைகிற நாளில் மறுபடியும் அவள் உயிர் பேரத்துக்கு வரும்.

மாம்பழக் கதை அதைவிட ஒரு படி முன்னே போகிறது. அங்கே மீனா லாபம் காட்டவில்லை, தன் உழைப்பைக் காட்டுகிறாள். அதற்கும் அடுத்த படி ஒன்று உண்டு. கோழித் திருடனைப் பிடிக்காமல் போயிருந்தாலும் மீனா பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். ஒருநாள்கூட உழைக்காவிட்டாலும் பழத்தில் சரிபாதி அவளுடையது. அந்தக் கதையை இனி வரையப்போகிற கை, மை இழுத்தும் வண்ணம் நிரப்பியும் மட்டும் ஓய்ந்துபோகாத ஒரு பெண்ணின் கையாக இருக்கட்டும்.