கோதுமையை நிறுத்தியும் ஆறாத குடல்

இந்த எபிசோடு என் வயிற்றிலிருந்து ஆரம்பிக்குது.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கிற குளூட்டன் புரதம் உள்ளே போனால், என் நோய் எதிர்ப்பு மண்டலம் என் சிறுகுடலையே தாக்கும். வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் சிகிச்சை. ஒன்றரை வருஷமா சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எதையும் தொடலை. வயிற்று வலி குறைஞ்சது. ஆனா இரண்டாவது பயாப்ஸியில் குடலில் அழற்சி அப்படியே இருக்கு.

"எல்லாத்தையும் நிறுத்திட்டேனே டாக்டர்?"

"நிறுத்திட்டோம்னு நினைக்கிறது வேற, நிறுத்துறது வேற" என்றார். அது ஏன்னு தேடினப்போ கிடைச்ச வரலாறு இது.

1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, இந்த நோய் குணமாகும்னா அது உணவு மூலமாத்தான்னு எழுதினார். எந்த உணவுன்னு அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ டயட்டை அறிவிச்சார். ரொட்டி, உருளைக்கிழங்கு, தானியம் எதுவும் கூடாது. ரொம்ப மோசமா இருந்த குழந்தைகள் தேறினாங்க. பெருமை வாழைப்பழத்துக்குப் போச்சு. காப்பாத்தினது ரொட்டியை எடுத்தது. ஹாஸ் மாவுச்சத்தைத்தான் சந்தேகிச்சார். அதனால 'குணமான' பிள்ளைகள் கோதுமைக்குத் திரும்பலாம்னு ஆச்சு. நோய் உள்ளேயே இருந்தது.

நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ 1930-களிலேயே கோதுமையைச் சந்தேகிச்சார். 1944-45 குளிர்காலத்தில், நாஜி ஆக்கிரமிப்பில் அங்கே கொடும் பஞ்சம். மக்கள் துலிப் கிழங்கைத் தின்ற காலம். ரொட்டி கிடைக்காத அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் தேறினதும், ரொட்டி திரும்பினதும் மறுபடி நோயுற்றதும் அவர் சந்தேகத்தை உறுதியாக்கிச்சு. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்தார். சக ஆய்வாளர்களோடு குழந்தைகளின் மலத்தில் கொழுப்பை அளந்து, கோதுமை சாப்பிட்டால் அது கூடுறதைக் காட்டினார். 1950-களின் நடுவில் சிறுகுடல் திசுவையே எடுத்துப் பார்க்க முடிஞ்சது: உணவை உள்வாங்குற குடலுறிஞ்சிகள் தட்டையாகிக் கிடந்தன. வலி குறையறதும் குடல் ஆறுறதும் ஒண்ணு இல்லைன்னு நமக்குச் சொல்லுறது இந்த பயாப்ஸிதான்.

பெரியவங்களுக்குக் குடல் ஆற வருஷக்கணக்கில் ஆகலாம். அபூர்வமா சிலருக்கு டயட் சரியா இருந்தும் ஆறாது. அதுக்குத் தனி சிகிச்சை வேணும். ஆனா டாக்டர்கள் முதலில் தேடுறது ஒளிஞ்சிருக்கிற குளூட்டனைத்தான். 'குளூட்டன் இல்லாதது'ன்னு விற்க இந்தியாவில் அனுமதிக்கிற அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அவ்வளவு கறாரா பார்க்கணும்.

வீட்டுக்கு வந்து சமையலறையைக் குடைஞ்சோம். இட்லி, சாதம், சாம்பார், எல்லாம் சரி. பெருங்காய டப்பாவைத் திருப்பினேன்: கூட்டுப் பெருங்காயம், உட்பொருள் கோதுமை மாவு. அரிசி மாவு அரைச்சது கோதுமை அரைக்கிற அதே மில்லில்.

அம்மா உட்கார்ந்துட்டாங்க. "நான்தானேடா தினமும் போட்டேன்" என்றாங்க. பெரிய பெரிய டாக்டர்களே வாழைப்பழம்னு நம்பினாங்கம்மா, விடு என்றேன்.

இப்போ சாம்பாரில் பெருங்காயம் கிடையாது. அடுத்த பயாப்ஸி ஆறு மாசம் கழிச்சு. முடிவு எதுவானாலும் இங்கேயே சொல்றேன்.