தொலைக்காட்சியும் வைஃபையும்: இணைப்புச் சிக்கல்களின் வரலாறு

ஸ்மார்ட் தொலைக்காட்சி என்பது இணையத்துடன் இணைந்து இயங்கும் தொலைக்காட்சிப் பெட்டி ஆகும். பெரும்பாலான வீடுகளில் இது வைஃபை வழியாகவே இணையத்தைப் பெறுகிறது. படம் பாதியில் நின்றுவிடுவது, வைஃபையின் பெயர் திரையில் தோன்றாதது, கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைய மறுப்பது ஆகியவை பரவலாகக் காணப்படும் சிக்கல்கள். கைபேசியில் நன்றாக வரும் இணையம் தொலைக்காட்சியில் மட்டும் தடுமாறும்போது, பெட்டி பழுதாகிவிட்டது என்றே பலரும் முடிவு செய்கின்றனர். புதிய பெட்டி வாங்குவோரும் உண்டு. ஆனால் இச்சிக்கல்களில் பலவற்றின் வேர், வானொலி அலைகளைப் பங்கிடுவதில் 1947 முதல் எடுக்கப்பட்ட முடிவுகளில் இருக்கிறது.

அடுப்புக்கு ஒதுக்கிய அலை

1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், ரேடார் கருவியின் நுண்ணலைகள் உணவைச் சூடாக்கும் என்பதைக் கண்டறிந்தார். 1947-இல் அட்லாண்டிக் சிட்டி நகரில் நடந்த பன்னாட்டு வானொலி மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை ஒதுக்கியது. இப்பகுதியில் செய்தித்தொடர்பு நடத்துவோர், அக்கருவிகளால் வரும் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

1985 மே மாதம் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், இந்த அலைக்கற்றை உட்பட மூன்று அலைக்கற்றைகளைக் குறைந்த ஆற்றல் கொண்ட தொடர்புக் கருவிகளுக்கு உரிமம் இன்றித் திறந்துவிட்டது. அங்குப் பணியாற்றிய பொறியாளர் மைக்கேல் மார்கஸ் இம்முயற்சியை முன்னெடுத்தவர். வைஃபை வளர்ந்தது இப்படிக் கிடைத்த இடத்தில்தான். இன்றும் சமையலறையில் நுண்ணலை அடுப்பு ஓடும்போது கூடத்தில் படம் திணறுவது இதனால்தான்.

மூன்றே வழிகள்

வைஃபைக்கான முதல் தரநிலையான 802.11, 1997-இல் வெளிவந்தது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் 11 மெகாபிட் வேகமுள்ள 802.11பி வந்தது. வைஃபை என்ற பெயரும் அதே ஆண்டில் பிறந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை உரிமம் இன்றிப் பயன்படுத்துவதற்கான விதிகள் 2005 ஜனவரியில் வெளியாயின.

இப்பகுதியின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. இதில் சேனல் எனப்படும் தடங்கள் 13 இருந்தாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றையொன்று தொடாமல் இயங்குவதற்கு 1, 6, 11 என மூன்று தடங்களையே பொதுவாகப் பயன்படுத்த முடியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரூட்டர்கள் இருந்தால் இருபதும் இம்மூன்றுக்குள் நெருக்க வேண்டும். புளூடூத் கருவிகளும் இங்கேயே இயங்குகின்றன. அக்கம்பக்கத்தார் எல்லாரும் வீட்டில் இருக்கும் இரவு நேரத்தில் படம் அதிகமாகத் தடுமாறுவதற்கு இந்த நெரிசல் ஒரு முக்கியக் காரணம்.

சுவரில் மோதும் அலைகள்

வீட்டுக்குள் வானொலி அலை நேராக மட்டும் செல்வதில்லை. சுவரிலும் இரும்பு பீரோவிலும் பட்டுத் திரும்பி, ஒரே செய்தி பல முறை சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் ஒரு முறையை ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் தலைமையிலான குழு 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அவர் ஒரு வானொலி வானியலாளர். இருப்பினும் உலோகத்தின் பின்னால் அலை வலுவிழப்பதை எந்த முறையாலும் முற்றிலும் தடுக்க இயலாது. எனவே பீரோவின் பின்னோ மூடிய அலமாரியினுள்ளோ ரூட்டரை வைப்பது நல்லதன்று.

ஐந்து கிகாஹெர்ட்ஸ்

5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 802.11ஏ தரநிலையும் 1999-இல் வெளியானதே. ஆனால் விலை குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளே முதலில் பரவின. 2003-இல் நடந்த உலக வானொலி மாநாடு 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை வைஃபைக்கு வழங்கியது. அதன் சில தடங்களில் ரேடார் அலை தென்பட்டால் ரூட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியாவில் 2018 அக்டோபரில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இப்பகுதி உரிமம் இன்றித் திறக்கப்பட்டது.

கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள வேறுபாடு பல வீடுகளில் இங்கேதான் தோன்றுகிறது. கைபேசி அகலமான 5 கிகாஹெர்ட்ஸைப் பிடித்துக்கொள்கிறது. விலை குறைந்த பல தொலைக்காட்சிகளில் 2.4 மட்டுமே உண்டு. அவற்றின் திரையில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர் தோன்றாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடக்கையில் விரைவில் வலுவிழப்பதால், ரூட்டர் தொலைவில் உள்ள வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸே கைகொடுக்கும்.

மாறிய பூட்டுகள்

1997-இன் வெப் என்னும் பாதுகாப்பு முறையை உடைக்கலாம் என்பது 2001-இல் வெளிப்பட்டது. அதன்பின் 2004-இல் டபிள்யூபிஏ2, 2018-இல் டபிள்யூபிஏ3 ஆகியவை வந்தன. ரூட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் அமைக்கப்பட்டிருந்தால், அதை அறியாத பழைய தொலைக்காட்சி சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் இணையாது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றினால் சிக்கல் தீரும்.

இணையத்தளங்களின் நம்பகச் சான்றிதழ்களுக்கும் காலக்கெடு உண்டு. பலரும் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில பல தளங்களை அடைய முடியாமல் போயின. வைஃபை இணைந்திருந்தும் செயலிகள் திறக்காவிட்டால், பெட்டியின் தேதி, நேரம், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைச் சரிபார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது.

சரிபார்க்கும் வரிசை

முதலில் தொலைக்காட்சியையும் ரூட்டரையும் மின்சாரத்திலிருந்து துண்டித்து, ஒரு நிமிடம் கழித்து இயக்க வேண்டும். அடுத்து, கைபேசியை 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைத்துத் தொலைக்காட்சியின் அருகிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். கைபேசியும் தடுமாறினால் குறை பெரும்பாலும் பெட்டியில் இல்லை. அப்போது ரூட்டரின் இடத்தையோ தடத்தையோ மாற்றலாம். பெட்டியில் வசதி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். கைபேசியில் சீராக வந்தால் பெட்டியின் மென்பொருளையும் ரூட்டரின் பாதுகாப்பு முறையையும் பார்க்க வேண்டும். இவை எதுவும் பலிக்காதபோது லேன் கேபிளை நேரடியாகச் செருகிப் பார்க்கலாம். 4கே படத்துக்கு நொடிக்குச் சுமார் 25 மெகாபிட் வேகம் போதும். சாதாரண லேன் இணைப்பு 100 மெகாபிட் வரை தரும். கேபிளில் படம் சீராக ஓடினால் புதிய பெட்டி தேவையில்லை.